உஷார்! 'எனக்கு விஸ்டம் டூத் இல்லை' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்

பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஞானப்பல் பேச்சை எடுத்துப் பாருங்கள். "எனக்கெல்லாம் விஸ்டம் டூத்தே கிடையாது" என்று ஒருவராவது சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "இன்னும் முளைக்கலையே, அப்போ இல்லைன்னுதானே அர்த்தம்?" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். அங்கே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முளைக்காத பல் வேறு, இல்லாத பல் வேறு. கண்ணாடி முன்னால் வாயை எவ்வளவு அகலமாகத் திறந்து பார்த்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் வெறும் ஈறுதான் தெரியும். அந்த ஈறுக்குள் எலும்பு மட்டும் இருக்கலாம். கோணலாகத் திரும்பிய ஒரு முழுப் பல்லும் இருக்கலாம். முதல் வகைக்குச் செய்ய வேண்டியது ஒன்று, இரண்டாவது வகைக்குச் செய்ய வேண்டியது வேறொன்று. எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

பிறவியிலேயே ஞானப்பல் உருவாகாமல் போவது அபூர்வமும் இல்லை. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து கார்ட்டர், வொர்த்திங்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, சராசரியாக 22.63 சதவீதம் பேருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாகவே இல்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் இது கொஞ்சம் அதிகம். கீழ்த்தாடையைவிட மேல்தாடையில் அதிகம். நான்குமே இல்லாதவர்கள் குறைவு. ஒன்றோ இரண்டோ இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. அதே இருவர் அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கையும் கொடுத்தார்கள். ஞானப்பல் உருவாகியும் வெளியே வர முடியாமல் எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ சிக்கிக்கொள்வது 24.4 சதவீதம் பேருக்கு. இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். "வரலை, அதனால் இல்லை" என்று சொல்கிற பிள்ளைகளில் பல பேருக்குப் பல் உள்ளே இருக்கிறது.

என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. பல் வரிசையைச் சீராக்கக் கம்பி போட வேண்டும் என்று ஓபிஜி எடுத்தார்கள். இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரிகிற எக்ஸ்-ரே அது. டாக்டர் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, பேனா முனையால் ஒவ்வொரு பல்லாக எண்ணிக் காட்டினார். மேல்வரிசை இரண்டு பக்கமும் ஏழாவது பல்லோடு முடிந்தது. அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் எலும்பு மட்டும். கீழே இடப்பக்கமும் அப்படியே. கீழே வலப்பக்கத்தில் ஒரு பல் இருந்தது. முழுதாக வளர்ந்து, படுக்கைவாட்டில் கிடந்து, தன் தலையை ஏழாவது பல்லின் வேர் தொடங்கும் இடத்தில் முட்டிக்கொண்டிருந்தது. "மூணு இல்லம்மா. ஒண்ணு இருக்கு, ஆனா இப்படி இருக்கு" என்றார் டாக்டர். அவள் என் பக்கம் திரும்பி, "சித்தி, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேனே" என்றாள்.

அப்படிப் படுத்துக் கிடக்கும் பல் சும்மா கிடக்காது. பாதி வெளியே தெரிந்தால், அதற்கும் ஏழாவது பல்லுக்கும் நடுவில் சோறும் சப்பாத்தியும் போய் ஒளியும். பிரஷ் அங்கே எட்டாது. கெட்டுப்போவது ஞானப்பல் மட்டும் இல்லை, நல்ல ஏழாவது பல்லின் பின்பக்கமும்தான். முழுக்க எலும்புக்குள் புதைந்திருந்தால், சிலருக்கு அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி, வலியே இல்லாமல் தாடை எலும்பை உள்ளுக்குள் அரிக்கும். ஈறு மடல் பாதி மூடிய பல்லில் கிருமி சேர்ந்தால் வீக்கமும் வலியும் வரும். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை இந்தத் தொல்லை அதிகம். அதாவது செமஸ்டரும் நுழைவுத் தேர்வும் புது வேலையும் இருக்கிற வயதில்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழ்க் கடைவாய்ப்பல் பக்கம் வீக்கம் வந்து, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், தாடைக்கு அடியில் கழுத்து கல் போல இறுகினால், அது வெறும் பல்வலி இல்லை. சீழ் தொண்டைப் பக்கம் இறங்குகிறது என்று பொருள். மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. கிராம்பு எண்ணெய் வைத்து, வலி மாத்திரை போட்டு, காலையில் பல் டாக்டரிடம் போகலாம் என்று படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அந்த நேரமே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். "எனக்கு ஞானப்பல்லே இல்லை" என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை, வலி வந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காது. காது வலி என்று நினைத்து ஒரு வாரத்தை ஓட்டிவிடும்.

சரி, படம் எடுத்தாயிற்று, உண்மையிலேயே ஞானப்பல் இல்லை. அது நோயா? இல்லவே இல்லை. இருபத்தெட்டுப் பல்லால் முறுக்கும் கடிக்கலாம், கரும்பும் கடிக்கலாம். பிடுங்க வேண்டிய வேலை மிச்சம். இதில் யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் சமூக வலைத்தளங்களில் இதை ஒரு பட்டம் போலச் சூட்டிக்கொள்கிறார்கள்: ஞானப்பல் இல்லாதவர்கள் பரிணாம வளர்ச்சியில் ஒரு படி முன்னால் இருக்கிறார்களாம். சீனாவின் லன்டியான் பகுதியில் 1963-ல் ஒரு தாடை எலும்பு கிடைத்தது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹோமோ எரக்டஸ் இனத்தாருடையது. அந்தத் தாடையிலேயே ஞானப்பற்கள் பிறவியில் இல்லை. இது நேற்று முளைத்த முன்னேற்றம் இல்லை. அந்தப் பெருமையில் மயங்கி, கவனிக்க வேண்டிய விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஆறாவது பல்.

முன்பல்லின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஆறாவதாக வருவது முதல் பெரிய கடைவாய்ப்பல். ஆறு வயதை ஒட்டி முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழுந்து அதற்கு இடம் விடுவதில்லை. பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அதனால்தான் பெற்றோர் பெரும்பாலோர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். "சொத்தையா? விழுந்து முளைக்கிற பல்தானே, விடுங்க" என்பது நம் வீடுகளில் எத்தனை தடவை கேட்ட வாக்கியம்! அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. போனால் போனதுதான். மேலே ஆழமான பள்ளங்கள் உள்ள பல், ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு பிரஷ் சரியாக எட்டாத இடம், கூடவே மிட்டாயும் பிஸ்கட்டும். சிலருக்கு இந்தப் பல் முளைக்கும்போதே வெளுத்தோ மஞ்சளாகவோ திட்டுத்திட்டாக, பலமில்லாமல் வரும். அது இன்னும் சீக்கிரம் உதிரும். வாயில் நிலையான பற்களில் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இதுதான்.

இந்த ஆறாவது பல் போய்விட்டால் ஞானப்பல் உதவிக்கு வரும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. லாரிக்கு ஸ்டெப்னி எதற்கோ, சில பிள்ளைகளுக்கு ஞானப்பல் அதற்கு. எப்படி என்றால், எட்டிலிருந்து பத்து வயதுக்குள் ஆறாவது பல் காப்பாற்றவே முடியாத நிலைக்குப் போயிருந்தால், சில நேரம் டாக்டர்கள் அதைச் சரியான பருவத்தில் எடுத்துவிடுவார்கள். பின்னால் எலும்புக்குள் இருக்கிற ஏழாவது பல் மெல்ல முன்னகர்ந்து அந்த இடத்தைப் பிடிக்கும். ஏழாவதின் இடத்துக்குப் பிற்பாடு ஞானப்பல் வரும். வரிசை நிரம்பிவிடும். வயது கொஞ்சம் கூடியிருந்தால் வேறு வழி: வேர் பாதிக்கு மேல் வளர்ந்த ஞானப்பல்லை அப்படியே எடுத்து, ஆறாவது பல் இருந்த குழியில் நடுவது. 1950-லேயே அமெரிக்காவில் இப்படிப் பல்லை இடம்மாற்றி நட்டிருக்கிறார்கள். கம்பி போட்டு ஏழையும் எட்டையும் முன்னால் இழுத்து இடைவெளியை மூடுவதும் உண்டு.

இது எல்லாமே ஞானப்பல் இருந்தால்தான். இல்லாத பிள்ளைக்கு ஆறாவதைப் பிடுங்கினால், ஏழாவது நகர்ந்து வந்தாலும் பின்னால் வெற்றிடம்தான். ஏழாவது ஒழுங்காக நகராமல் முன்பக்கம் சாய்ந்தால் இன்னும் மோசம்: மேலே எதிரே இருக்கிற பல் கடிக்க ஆளில்லாமல் கீழே இறங்கும், கடி மாறும், சாய்ந்த பல்லடியில் உணவு தங்கும். இம்பிளான்ட் வைக்கலாமே என்பீர்கள். தாடை வளர்ந்து முடிகிற வரை வைக்கக் கூடாது. பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து நகரும், எலும்பில் பதித்த இம்பிளான்ட் நகராது. வருடம் போகப் போக அது உள்வாங்கின மாதிரி தாழ்ந்து நிற்கும். பத்து வயதில் இழந்த பல்லுக்குப் பதினெட்டு, இருபது வரை காத்திருக்க வேண்டும். பிறகு அதற்கான செலவு.

ஆகவே ஆறாவது பல்லைப் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால், "ஞானப்பல் இருக்கா டாக்டர்? படத்துல பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைப் பல் மருத்துவர்களின் வழிகாட்டுதல்களே இதைப் பார்க்கச் சொல்கின்றன. ஒரு சிக்கல் உண்டு. ஞானப்பல்லின் முளை எக்ஸ்-ரேயில் தெரியத் தொடங்குவது பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். சிலருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் தெரியும். எட்டு வயதுப் படத்தில் காணவில்லை என்பதற்காக "இல்லை" என்று எழுதிவிட முடியாது. முடிவு தெரியாத அந்த வயதில், ரூட் கேனால், கேப் என்று எதைச் செய்தாவது பல்லைக் காப்பாற்ற வழி இருந்தால் அந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "வேஸ்ட்டா செலவு பண்ணாதீங்க, எடுத்துப் போட்டுடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு அவசரப்பட்டால் திரும்பப் பெற முடியாது.

கம்பி போடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வரிசையில் இடம் போதாதபோது நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றவற்றை நகர்த்துவது வழக்கம். நல்ல சிகிச்சைதான், தேவையான இடத்தில் அது சரியே. ஆனால் ஞானப்பல் நான்கும் பிறவியில் இல்லாத பிள்ளைக்கு அப்படி எடுத்தால் மொத்தம் மிஞ்சுவது 24 பற்கள். அதில் ஆறாவது ஒன்றும் சொத்தையாகப் போனால்? எந்தப் பல்லை எடுப்பது என்று தீர்மானிக்கும்போதே இந்தக் கணக்கு மேசை மேல் இருக்க வேண்டும். சொத்தை பிடித்த ஆறாவதை எடுத்து, நல்ல முன்கடைவாய்ப் பல்லை விட்டுவைப்பதும் சில வாய்களில் சாத்தியம். அதை முடிவு செய்ய வேண்டியவர் படத்தை முழுதாகப் பார்த்த மருத்துவர்.

அடுத்தது, ஞானப்பல்லோடு நிற்காத இன்மை. 1960-களில் அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டான்லி கார்ன் பல குடும்பங்களின் எக்ஸ்-ரேக்களை ஆராய்ந்தபோது, ஞானப்பல் இல்லாதவர்களுக்கு வேறு பற்களும் இல்லாமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார். முக்கியமாக இரண்டு இடங்களைப் பாருங்கள். மேல்வரிசையில் நடு இரண்டு பற்களுக்கும் அடுத்திருக்கும் பல், கீழே இரண்டாவது முன்கடைவாய்ப்பல். மேலே அந்தப் பல் சிறுத்து, ஆணி போலக் கூம்பி வந்தாலும் அதே குடும்ப அடையாளம்தான். பதின்மூன்று வயதாகியும் ஒரு பால் பல் ஆடாமல் உறுதியாக நின்றால், "இன்னும் விழலையே" என்று பிடுங்கப் போகாதீர்கள். கீழே வருவதற்குப் பல் இல்லாததால்தான் அது நிற்கிறது என்றால், அந்தப் பால் பல்லை நல்லபடி காத்தாலே பல ஆண்டுகள் வேலை செய்யும். இது குடும்ப வழியாக வருவது. எம்எஸ்எக்ஸ்1, பிஏஎக்ஸ்9 என்ற மரபணுக்களில் வரும் மாற்றம் சில குடும்பங்களில் காரணம் என்று 1996-லும் 2000-லும் கண்டறிந்தார்கள். அண்ணனுக்கு இல்லை என்றால் தங்கைக்கும் பாருங்கள். குழந்தைப் பருவத்தில் புற்றுநோய்க்காகக் கீமோவோ கதிர்வீச்சோ பெற்றவர்களுக்கும் பற்கள் உருவாகாமல் போகலாம். அந்த விவரத்தைப் பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஞானப்பல்லைக் கணக்கில் சேர்க்காமலே ஆறோ அதற்கு மேலோ பற்கள் இல்லை என்றால் விஷயம் பல்லோடு முடிவதில்லை. டார்வின் 1875-ல் வெளியிட்ட தன் நூல் பதிப்பில் சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு விரல் விட்டு எண்ணும் அளவே பற்கள், உடம்பில் ரோமம் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு பெரும் அவதி. பெண்களுக்கு அது வரவில்லை, ஆனால் அவர்கள் வழியாக மகன்களுக்குப் போனது. இன்று மருத்துவர்கள் இதை எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. பல் மிகக் குறைவு, முடி மெல்லியது, வியர்ப்பதே இல்லை, வெயிலில் காய்ச்சல் வருகிறது என்ற நான்கும் ஒரு குழந்தையிடம் சேர்ந்து இருந்தால், பல் டாக்டரோடு குழந்தை மருத்துவரையும் பார்த்தே ஆக வேண்டும்.

சில பெற்றோரைக் கலங்கடித்த இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2013-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வந்தது. இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் கீழ்த்தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்ட இடங்களில் 7.9 சதவீதத்தில் ஞானப்பல் முளை இல்லை. போடாத இடங்களில் 1.9 சதவீதம்தான். ஊசி முனை அந்தப் பிஞ்சு முளையைத் தொட்டுக் கெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். ஊசி போட்ட இடங்கள் அந்த ஆய்வில் அறுபத்துச் சொச்சம்தான். இதை வைத்து ஊசியே வேண்டாம் என்று குழந்தையை வலியோடு பல் பிடுங்கவிட்டால் அது கொடுமை. அந்த வயதில் ஊசி தேவைப்படும் அளவுக்குச் சொத்தை முற்றவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது பல் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இதுதான்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளின் வயதைக் கண்டுபிடிக்க எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-லேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து ஒரு நூல் எழுதினார். சின்ன வயதுக்கு அது ஓரளவு சரியாக வரும், ஏனென்றால் அப்போது பல பற்கள் ஒவ்வொன்றாக வளர்ந்துகொண்டிருக்கும். பதினாறை நெருங்கும்போது மற்ற பற்களின் வேர்கள் எல்லாம் முடிந்துவிடும். அப்போது வளர்ந்துகொண்டிருக்கும் ஒரே பல் ஞானப்பல். பதினாறா பதினெட்டா என்ற கேள்விக்குப் பல்லிலிருந்து பதில் வேண்டும் என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். அது பிறவியிலேயே இல்லாத பிள்ளையிடம் கேட்க ஒன்றும் இல்லை.

அங்கேதான் தவறு நுழைகிறது. வாயில் எண்ணினால் 28. "இன்னும் ஞானப்பல் முளைக்கவில்லை, ஆகவே பதினேழுக்குக் கீழ்" என்று எழுதிவிடலாம். அந்த ஆளுக்கு இருபத்தைந்து வயதாகியும் இருக்கலாம். திருப்பிப் பார்த்தாலும் ஆபத்து: பதினாறு வயதிலேயே ஞானப்பல் எட்டிப்பார்க்கிற பிள்ளையை "பதினெட்டு தாண்டிவிட்டது" என்று சொல்லிவிடலாம். பிரான்ஸின் காப் பிளான் குகைத் தங்குமிடத்தில் 1911-ல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. ஞானப்பல் வெளியே வரவில்லை என்பதால் அது ஒரு சிறுமி என்றே நம்பினார்கள். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் 'மக்தலேனியச் சிறுமி' என்றே பெயர். 2006-ல் எக்ஸ்-ரே படங்களை ஆராய்ந்தபோது ஞானப்பற்கள் தாடைக்குள் சிக்கிக் கிடந்தது தெரிந்தது. அவள் சிறுமி இல்லை, 25-லிருந்து 35 வயதுக்குள் இருந்த பெண். எலும்புக்கூட்டுக்கு நேர்ந்தால் பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நேர்ந்தால்?

நம் சட்டத்தில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் எவ்வளவு எடை என்று நினைத்துப் பாருங்கள். போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. பெண்ணின் திருமண வயது பதினெட்டு. 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயது தாண்டிய சிறுவனைப் பெரியவர்களுக்கான முறையில் விசாரிக்கவும் வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 94-வது பிரிவு வயதை எப்படித் தீர்மானிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லை என்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. அந்தச் சோதனையிலும் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் ஜெயமாலா வழக்கிலேயே சொல்லிவிட்டது. செங்கல் சூளையிலிருந்தோ நூற்பாலையிலிருந்தோ மீட்கப்படும், கையில் ஒரு காகிதமும் இல்லாத பிள்ளைக்கு இந்த இரண்டு வருடம் வாழ்க்கையையே மாற்றும்.

வழக்கறிஞர்களும், குழந்தைகள் நலக் குழுவில் இருப்பவர்களும், மீட்புப் பணியில் இருக்கும் தன்னார்வலர்களும் வயது அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஒன்றைத் தேடுங்கள். பற்களை வாயில் மட்டும் எண்ணினார்களா, எக்ஸ்-ரே எடுத்தார்களா? 'ஞானப்பல் முளைக்கவில்லை' என்று இருக்கிறதா, 'உருவாகவே இல்லை' என்று இருக்கிறதா? உருவாகவே இல்லை என்றால் பல்லை விட்டுவிட்டு மணிக்கட்டு, இடுப்பு, காறையெலும்பு ஆகியவற்றின் வளர்ச்சியைப் பார்த்தார்களா? அறிக்கையில் இது தெளிவாக இல்லை என்றால் மறுபடி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு முன்பு பள்ளிக்கூடப் பதிவேட்டையும் பஞ்சாயத்துப் பதிவையும் தேடி அலைய வேண்டியதும் உங்கள் பொறுப்பு.

வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். பதினான்கிலிருந்து பதினாறு வயதுக்குள், ஏதாவது பல் வேலைக்காகப் போகும்போது, ஒரு ஓபிஜி எடுத்துவிடுங்கள். தனியார் இடத்தில் சில நூறு ரூபாய் ஆகும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இன்னும் குறைவாக முடியும். கதிர்வீச்சு மிகக் குறைவு, ஆனாலும் ஆசைக்கு வருடா வருடம் எடுக்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருந்தால் எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும். படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போனில் மட்டும் விட்டுவிடாமல் பிரிண்ட் எடுத்து மற்ற மருத்துவக் காகிதங்களோடு வையுங்கள். பல் டாக்டர்கள் ஞானப்பற்களை 18, 28, 38, 48 என்று எண்ணிட்டுக் குறிப்பார்கள். எந்த எண் இல்லை என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பல் கோணலாக இருப்பது தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

ஞானப்பல் இல்லை என்று உறுதியான பிள்ளைக்கு 16, 26, 36, 46 என்ற நான்கு ஆறாவது பற்களுக்கும் வருடம் இரண்டு முறை பரிசோதனை வேண்டும். வீட்டில் ஆறு, ஏழு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் இன்று ராத்திரியே படுக்கப் போகும் முன் வாயைத் திறக்கச் சொல்லி, போன் டார்ச்சை அடித்து, நடுவிலிருந்து ஆறு வரை எண்ணிப் பாருங்கள். ஆறாவது வந்திருந்தால், மேலே பள்ளங்களை மூடும் சீலன்ட் பூச்சை இந்த மாதமே போட்டுவிடுங்கள். வலி இல்லை, ஊசி இல்லை. பள்ளத்தில் கறுப்பாக ஒரு புள்ளியோ கோடோ தெரிந்தால், சாப்பிடும்போது கூசுகிறது என்று குழந்தை சொல்கிற வரை காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் ஒரே ஒரு தடவை அடைத்தால் பல் நிற்கும்.